ஊசிக்குப் போகும் முன்: சுகரும் பிரஷரும் உள்ள வீடுகளுக்கு ஒரு விளக்கம்

2021 பிப்ரவரி 1ஆம் தேதி, புனேயில் தயாரான 10 லட்சம் டோஸ் கோவிஷீல்டு கொரோனா தடுப்பூசி தென்னாப்பிரிக்காவின் ஜோஹானஸ்பர்க் விமான நிலையத்தில் வந்து இறங்கியது. ஜனாதிபதி ராமபோசாவே நேரில் போய் வாங்கிக்கொண்டார். ஆறே நாளில், 7ஆம் தேதி, அதை இப்போதைக்குப் போடப்போவதில்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. 17ஆம் தேதி ஜான்சன் ஊசியைப் போடத் தொடங்கினார்கள். ஏப்ரல் 13இல் அதையும் நிறுத்தினார்கள், 28இல் மறுபடி தொடங்கினார்கள். ஜூனில் ஏறக்குறைய 20 லட்சம் ஜான்சன் டோஸை வெளியே விடாமலே ஒதுக்கினார்கள்.

மெட்ராஸில் இருக்கிற சொந்தக்காரர்கள் அதே கோவிஷீல்டைப் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் ஊர்களின் தமிழ் வீடுகளில் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்ற பேச்சு எழுந்தது இயல்பு. 2021 ஆகஸ்ட் 20 முதல் 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஊசி கிடைத்தது. ஆனால் மே மாதமே முறை வந்துவிட்ட ஆயா, தாத்தாக்களில் சிலர் செப்டம்பரிலும் போகவில்லை. அவர்கள் சொன்ன காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "சுகர் கொஞ்சம் இறங்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்."

அந்த "அப்புறம்" ஏன் ஆபத்து, ஊசிக்கு முன் உண்மையில் யோசிக்க வேண்டியவை எவை என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். இங்கே சொல்வதெல்லாம் 2021 செப்டம்பர் மாத நிலவரம்; ஊசி, டோஸ், இடைவெளி பற்றிய விதிகள் எல்லாம் அந்த மாதத்துடையவை.

ஊசி உடம்புக்குள் என்ன செய்கிறது

கொரோனா கிருமியின் மேல் முள் முள்ளாக ஒரு புரதம் இருக்கிறது. அதைக் கொண்டுதான் அது நம் உயிரணுக்களில் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறது. இந்த முள்ளை உடம்புக்கு முன்கூட்டியே காட்டிவிட்டால், நிஜக் கிருமி வரும்போது எதிர்ப்புச் சக்தி அதை அடையாளம் கண்டு சண்டைக்குத் தயாராக நிற்கும். ஊசியின் வேலை இந்த அறிமுகம்தான்.

2021இல் நம் நாட்டில் போடப்பட்ட இரண்டு ஊசிகளும் இதை இரண்டு வழியில் செய்கின்றன.

1. ஃபைசர்: முள்ளை எப்படிச் செய்வது என்ற குறிப்பு எம்ஆர்என்ஏ என்னும் வடிவில், கொழுப்புத் துளிக்குள் வைத்து அனுப்பப்படுகிறது. உயிரணு அதைப் படித்து முள்ளைச் செய்கிறது. அப்புறம் அந்தக் குறிப்பு சில நாளில் சிதைந்துவிடும். மரபணு இருக்கும் உட்கருவுக்குள் அது போவதே இல்லை. அப்போது இரண்டு டோஸ், இடைவெளி 42 நாள்.

2. ஜான்சன்: சளி பிடிக்க வைக்கும் வகையைச் சேர்ந்த வேறொரு வைரஸை, பெருக முடியாதபடி முடக்கி, முள்ளைச் செய்யும் குறிப்பை டிஎன்ஏ வடிவில் சுமக்கும் வண்டியாகப் பயன்படுத்துகிறார்கள். அப்போது ஒரே டோஸ்.

இரண்டிலும் கொரோனா கிருமி கிடையாது. ஆகவே ஊசியால் கொரோனா வராது. ஊசி போட்ட வாரத்தில் ஒருவருக்கு இருமலும் வாசனை தெரியாமல் போவதும் வந்தால், கிருமி வேறு வழியாக ஏற்கெனவே உள்ளே போயிருக்கலாம். அதை ஊசியின் விளைவு என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்காமல் பரிசோதனை செய்ய வேண்டும்.

கோவிஷீல்டு ஏன் ஒதுக்கப்பட்டது

பெரும்பாலான குழப்பத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

2020 டிசம்பரில், நம் டர்பனிலேயே இயங்கும் மரபணு ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானிகள், முள்ளின் உருவம் மாறிய ஒரு புதிய வகைக் கிருமியைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னார்கள். பின்னாளில் அதற்குப் பீட்டா என்று பெயர் வந்தது. பழைய முள்ளைப் பார்த்துப் பழகிய உடம்பு இந்தப் புதிய முள்ளை அடையாளம் காணுமா என்ற கேள்வி எழுந்தது.

விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம் இந்த நாட்டிலேயே சுமார் 2,000 பேரை வைத்து ஒரு ஆய்வு நடத்தியது. பாதிப் பேருக்குக் கோவிஷீல்டின் மூலமான ஆஸ்ட்ராசெனெகா ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். இரண்டு டோஸும் முடிந்து இரண்டு வாரத்துக்குப் பிறகு எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று எண்ணினார்கள். உப்புநீர் போட்டவர்களில் 23 பேர், ஊசி போட்டவர்களில் 19 பேர். பெரிய வித்தியாசம் இல்லை.

இதை மட்டும் கேட்டால் "ஊசி வேலை செய்யவில்லை" என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் 30 வயதை ஒட்டிய ஆரோக்கியமானவர்கள். வந்த நோயும் லேசானது, மிஞ்சிப்போனால் நடுத்தரமானது. கடும் நோய் இரண்டு பக்கமும் யாருக்கும் வரவில்லை. ஆக, அந்த ஆய்வு பதில் சொன்னது ஒரு கேள்விக்கு மட்டும்: பீட்டாவால் வரும் காய்ச்சல் இருமலை இந்த ஊசி தடுக்குமா? அநேகமாக இல்லை. வயதானவர் மூச்சுத் திணறி ஆக்ஸிஜன் வைக்கும் நிலைக்குப் போவதைத் தடுக்குமா என்று அதனால் சொல்லவே முடியாது.

அந்தச் சமயத்தில் நாடு முழுவதும் பரவியிருந்தது பீட்டாதான். கையில் ஜான்சன் கிடைக்கும் வழியும் இருந்தது. அதனால் அரசாங்கம் கோவிஷீல்டை மற்ற ஆப்பிரிக்க நாடுகளுக்கு விற்றுவிட்டு ஜான்சனுக்கு மாறியது. உலக சுகாதார அமைப்போ, பீட்டா பரவும் நாட்டிலும் அதைப் போடலாம் என்றுதான் சொன்னது. இந்தியாவில் பரவியது வேறு வகை. அங்கே அது பயன்பட்டது. மருந்து கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. எந்த வகைக் கிருமிக்கு, எந்த அளவு நோய்க்கு எதிராக என்பதுதான் மாறியது. இந்தியாவில் போட்டுக்கொண்டு வந்த சொந்தக்காரர்களைப் பார்த்து யாரும் பரிதாபப்பட வேண்டியதில்லை.

ஜூனில் ஒதுக்கிய 20 லட்சம் ஜான்சன் டோஸின் கதை வேறு. அவற்றுக்கான மூல மருந்து அமெரிக்காவில் பால்டிமோர் ஆலையில் தயாரானது. அங்கே மருந்தில் தவறுதலாக மாசு கலந்தது தெரிந்ததும், அந்தச் சரக்கு யார் கையிலும் ஏறாமலே நிறுத்தப்பட்டது. அது காவல் ஒழுங்காக நடந்ததற்கு அடையாளம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரத்தக் கட்டி: எவ்வளவு அரிது

ஏப்ரலில் ஜான்சனை நிறுத்தியது அமெரிக்காவில் ஆறு பெண்களுக்கு வந்த ஒரு விநோத ரத்தக் கட்டியால். மூளையின் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைவது, கூடவே ரத்தத் தட்டணுக்கள் குறைவது, இரண்டும் சேர்ந்து வந்தன. அப்போது அங்கே போட்டிருந்த ஊசி 68 லட்சம். ஜூலை வரை கணக்குப் பார்த்தபோது சுமார் 1 கோடியே 26 லட்சம் டோஸுக்கு ஏறக்குறைய 40 பேர். அதாவது பத்து லட்சத்துக்கு மூன்று பேர், அதிகமும் 50 வயதுக்குக் குறைந்த பெண்கள். கை கால் பலம் குறையும் கில்லன் பாரே என்ற நரம்பு நோயும் அதேபோல அரிதாக ஜான்சனுக்குப் பிறகு பதிவாகியிருக்கிறது.

ஃபைசரில் கவனிக்க வேண்டியது இதயத் தசை வீக்கம். அதிகமும் இளைஞர்களுக்கு, இரண்டாம் டோஸுக்குப் பின் சில நாளில் வருகிறது. பெரும்பாலோர் ஓய்விலும் மருந்திலும் தேறிவிடுகிறார்கள். திடீர் ஒவ்வாமை பத்து லட்சத்துக்கு ஐந்து பேர் அளவில்.

இன்னொரு பக்கத் தட்டில் என்ன இருக்கிறது? சிசோங்கே திட்டத்தில் நம் நாட்டுச் சுகாதாரப் பணியாளர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் ஜான்சன் போட்டுக்கொண்டார்கள். ஆகஸ்டில் வெளியான முதற்கட்டக் கணக்கு: டெல்டா என்ற அடுத்த வகைக் கிருமி பரவிய காலத்தில் மருத்துவமனையில் சேருவது 71 சதவீதம் குறைந்தது, சாவு 91 முதல் 96 சதவீதம் வரை குறைந்தது. இரண்டு தட்டையும் பார்த்தவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அரிய ஆபத்தை மறைத்துவிட்டு ஊசிக்கு அழைக்கக் கூடாது. தெரிந்துகொண்டு போனால்தான், வந்தாலும் சட்டென்று பிடிக்க முடியும்.

சுகர் இறங்கட்டும் என்று காத்திருக்கலாமா

கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறியே இருக்கும்போது வெள்ளை அணுக்கள் மந்தமாகின்றன, ரத்தக் குழாய்களின் உட்சுவர் ஏற்கெனவே புண்பட்டிருக்கிறது. கொரோனா தாக்குவதும் அதே குழாய்களைத்தான். கிருமி வந்ததும் உடம்பு சுரக்கும் ஹார்மோன்களும், ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ஸ்டீராய்டும் சர்க்கரையை இன்னும் ஏற்றும். வெஸ்டர்ன் கேப் மாகாணத்தில் முதல் அலையில் நடந்த பெரிய ஆய்வில், கட்டுப்பாட்டில் இல்லாத சுகர் எச்ஐவியைவிடப் பல மடங்கு பெரிய ஆபத்தாகத் தெரிந்தது. அதைவிடப் பெரியது வயது. நம் வீடுகளில் இந்த இரண்டும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றன.

ஆக, சுகர் கூடுதலாக இருப்பவர்தான் வரிசையில் முன்னால் நிற்க வேண்டியவர். மெஷினில் சுகர் அளவு 15 (இந்தியக் கணக்கில் 270) இருந்தாலும் ஊசி போடலாம். மூன்று மாத சுகர் டெஸ்ட் சரியில்லை என்றாலும் போடலாம். ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் சர்க்கரை கொஞ்சம் ஏறலாம். வீட்டில் மெஷின் இருந்தால் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு தடவை கூடுதலாகப் பாருங்கள். பிரஷர், இதய நோய், ஆஸ்துமா, டயாலிசிஸ் எதுவும் தடையில்லை.

மாத்திரைகளை நிறுத்தக் கூடாது. "ஊசி போடும் நாளில் பிரஷர் மாத்திரை வேண்டாம்" என்று யாரோ சொல்லி நிறுத்துகிறவர்கள் உண்டு. அது தவறு. 2021 ஜூலைக் கலவரத்தில் மருந்துக் கடைகள் சூறையாடப்பட்டதால், டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் மாத்திரை கிடைக்காமல் பலர் அல்லாடினார்கள். அப்படி விட்டுப்போனவர்கள் மாத்திரையை மறுபடி ஒழுங்காகத் தொடங்க வேண்டும். அதற்காக ஊசியைத் தள்ளிவைக்க வேண்டாம்.

நர்ஸிடம் வாய்திறந்து சொல்ல வேண்டியவை

கேட்டால் சொல்லலாம் என்று இருக்காதீர்கள். கூட்டமான நாளில் கேள்வி விட்டுப்போகும். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

1. முன்பு எந்த மருந்துக்காவது, ஊசிக்காவது முகம் வீங்கி மூச்சடைத்திருக்கிறதா? முதல் டோஸுக்கே அப்படி ஆனதா? ஃபைசரில் உள்ள பாலிஎத்திலீன் கிளைக்கால், ஜான்சனில் உள்ள பாலிசார்பேட் 80 இவற்றுக்கு ஒவ்வாமை தெரிந்தவர் அந்த ஊசியைப் போடக் கூடாது. கடலை, இறால், முட்டை ஒவ்வாமை தடையில்லை.

2. இன்று காய்ச்சல் இருக்கிறதா? இருந்தால் இறங்கும்வரை பொறுத்துப் போகலாம். அப்போதைய விதிப்படி, கொரோனா வந்து தேறியவர் குறைந்தது 30 நாள் விட வேண்டும். வந்து போனதால் ஊசி வேண்டாம் என்பதில்லை.

3. வார்ஃபரின் போல ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? மாத்திரையை விடாதீர்கள். நர்ஸிடம் சொன்னால் மெல்லிய ஊசி எடுப்பார். போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும்.

4. முன்பு மூளையில் ரத்தக் கட்டி வந்திருக்கிறதா, தட்டணு குறையும் நோய் உண்டா? இவர்களுக்கு ஜான்சனைவிட ஃபைசர் பொருத்தம்.

5. கர்ப்பமா? எத்தனை வாரம்? கர்ப்பிணிகளுக்குக் கொரோனா கடுமையாக வருகிறது என்பதால் ஊசி பரிந்துரைக்கப்படுகிறது. பால் கொடுக்கும் தாயும் போடலாம், பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

6. மார்பகப் புற்றுநோய் அறுவை செய்த பக்கம் எது? அடுத்த கையில் போடச் சொல்லுங்கள். கீமோ நடப்பவர்களும் ஸ்டீராய்டு அதிகம் எடுப்பவர்களும் எந்த நாளில் போடுவது என்று டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

எச்ஐவி உள்ளவர்கள் தாராளமாகப் போடலாம். விவரத்தை வரிசையில் எல்லோர் முன்னாலும் சொல்ல விருப்பமில்லை என்றால் நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

அந்த நாள்

2021இல் கணினிப் பதிவில் பெயர் ஏறியிருந்தால் செல்போனுக்கு எஸ்எம்எஸ் வந்தது. அது வராவிட்டாலும் பல இடங்களில் நேரே போக முடிந்தது, அங்கேயே பதிவு செய்துகொண்டார்கள். 13 இலக்க அடையாள எண் வேண்டியிருந்தது. மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இருந்தால் கார்டைக் கேட்டார்கள். ஊசி போடும் இடத்தார் செலவை அந்தக் காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கிக்கொண்டார்கள். இல்லாதவர்களுக்கு அரசாங்கம் தந்தது. எந்த நிலையிலும் போட்டுக்கொள்பவர் கையிலிருந்து ஒரு ராண்டும் வாங்கக் கூடாது என்பது அப்போதைய விதி.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள், முக்கியமாக இன்சுலின் போடுகிறவர்கள். வரிசை எவ்வளவு நேரம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. பையில் தண்ணீரும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் இருக்கட்டும். சேலை கட்டும் பெண்களுக்கு ஒரு சின்ன விஷயம்: இறுக்கமான பிளவுஸ் கையைத் தோள்வரை ஏற்ற முடியாது. ஊசி இறங்க வேண்டியது தோளுக்குக் கீழே தடித்திருக்கும் தசையில். கை தளர்வாக உள்ள பிளவுஸ் போதும்.

சில இடங்களில் மாலை நேரத்தில் "இன்னும் நாலு பேர் வரட்டும்" என்று நர்ஸ் காத்திருப்பதைப் பார்க்கலாம். சோம்பேறித்தனம் இல்லை. 2021இல் ஃபைசர் சின்னக் குப்பியில் அரை மில்லிக்கும் குறைவாக வந்தது. அதில் 1.8 மில்லி உப்புநீரைக் கலந்து, குலுக்காமல் மெதுவாகக் கவிழ்த்துத் திருப்பி, ஆறு பேருக்கு 0.3 மில்லி வீதம் எடுத்தார்கள். கலந்தபின் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஒருவருக்காகத் திறந்தால் ஐந்து பேருடையது கொட்டிப்போகும். ஜான்சன் குப்பியில் ஐந்து டோஸ், கலக்க வேண்டியதில்லை.

போட்டபின் 15 நிமிடம் உட்கார வேண்டும். ஒவ்வாமை வந்த அனுபவம் உள்ளவர்கள் 30 நிமிடம். கடுமையான ஒவ்வாமை வந்தால் அநேகமாக அந்த நேரத்துக்குள்தான் வரும். அதற்கான மருந்து பக்கத்திலேயே இருக்கும். அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்து போகாதீர்கள்.

புரட்டாசியில் போடலாமா

செப்டம்பர், புரட்டாசி விரதம் தொடங்கும் நேரம். சனிக்கிழமை பெருமாளுக்குப் படைத்து, மாதம் முழுவதும் கவிச்சி தொடாத வீடுகளில் இரண்டு கேள்வி வருகிறது.

ஊசியில் மாடு, பன்றி சேர்ந்ததா? இல்லை. ஃபைசரிலும் ஜான்சனிலும் மிருகத்திலிருந்து எடுத்த பொருள் எதுவும் இல்லை. முட்டை இல்லை, ஜெலட்டின் இல்லை. ஜான்சனைப் பற்றி மட்டும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வைரஸை வளர்க்கும் உயிரணு வரிசை, 1985இல் ஒரு கருவின் விழித்திரையிலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கொண்டு பின்னாளில் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கப்பட்டது. அந்த உயிரணுக்கள் சுத்திகரிப்பில் நீக்கப்படுகின்றன. மனதுக்கு ஒப்பவில்லை என்பவர் ஃபைசர் போடும் இடத்துக்குப் போகலாம்.

விரதத்தில் ஊசி போட்டால் விரதம் கெடுமா? ஊசி உணவில்லை. ஒருவேளை மட்டும் சாப்பிடுகிறவர் அந்த வேளைக்குப் பிறகு போகும்படி நேரம் வைத்துக்கொள்ளலாம். நாள் முழுதும் உபவாசம் என்றால் வேறு நாள் நல்லது. பசி மயக்கத்தையும் ஊசி மயக்கத்தையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் வழக்கம், 1860இல் இந்தியாவிலிருந்து இங்கே முதல் கப்பல் ஏறி வந்தவர்கள் அம்மைக்குப் பயந்த காலத்திலிருந்து தொடர்கிறது. அவர்கள் பயந்த பெரியம்மையை 1980க்குள் உலகத்தை விட்டே துரத்தியது தடுப்பூசிதான். அதன் பிறகும் நாம் அம்மனைக் கும்பிடுவதை விடவில்லை. ரசமும் மஞ்சள் பாலும் தொண்டைக்கு இதம், குடியுங்கள். அது கிருமியைத் தடுக்காது.

வீட்டுக்கு வந்தபின் கவனிக்க வேண்டியது

கை வலி, உடம்பு வலி, குளிர், காய்ச்சல், அசதி ஓரிரு நாள் வரலாம். மூன்றாம் நாளில் பெரும்பாலும் போய்விடும். பனாடோ (பாராசிட்டமால் மாத்திரை) போடலாம், ஆனால் காய்ச்சல் வருமோ என்று முன்கூட்டியே போட வேண்டாம். ஒன்றுமே வராவிட்டால் ஊசி வேலை செய்யவில்லை என்றும் அர்த்தமில்லை. கக்கத்தில் நெறி கட்டினால் பயப்பட வேண்டாம். மார்பகப் பரிசோதனை விரைவில் இருந்தால் மட்டும் ஊசி போட்ட தேதியை அங்கே சொல்லுங்கள்.

கீழே உள்ளவை வந்தால் காத்திருக்கக் கூடாது:

1. ஜான்சன் போட்டு நாலாம் நாளிலிருந்து நாலு வாரத்துக்குள் விடாத கடும் தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத் திணறல், வயிற்று வலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, ஊசி போட்ட இடத்தைத் தாண்டிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

2. ஜான்சன் போட்ட சில வாரத்துக்குள் காலில் தொடங்கி மேலே ஏறும் பலவீனம், நடை தள்ளாடுவது.

3. ஃபைசர் போட்ட ஒரு வாரத்துக்குள் நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சு வாங்குவது. மகனோ பேரனோ சொன்னால் "வாயுப் பிடிப்பு" என்று விடாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் வாக்கியமே ஊசியின் பெயரும் தேதியுமாக இருக்கட்டும். காரணம் உண்டு. சாதாரண ரத்தக் கட்டிக்கு டாக்டர்கள் வழக்கமாகக் கொடுப்பது ஹெப்பாரின். ஜான்சனுக்குப் பின் வரும் இந்தக் கட்டியில் அது நிலைமையை மோசமாக்கலாம். வேறு மருந்து இருக்கிறது, ஆனால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். ஊசி போட்ட இடத்தில் தரும் வெள்ளை அட்டையில் ஊசியின் பெயர், தேதி, சரக்கு எண் மூன்றும் எழுதியிருக்கிறதா என்று அங்கிருந்து எழுந்து வருவதற்கு முன்பே பாருங்கள். அதைப் படமெடுத்து மகள் போனிலும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசியால் கடும் பாதிப்பு என்று நிரூபணமானால் இழப்பீடு தர அரசாங்கம் 2021 ஏப்ரலில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதற்கும் இந்த விவரங்கள் வேண்டியிருக்கும்.

பாதுகாப்பு எப்போது தொடங்கும்

ஊசி போட்ட அன்றே இல்லை. ஜான்சனுக்கு இரண்டு வாரத்தில் தொடங்கி நாலு வாரத்தில் பலப்படும். ஃபைசருக்கு இரண்டாம் டோஸ் முடிந்து ஒன்றிரண்டு வாரம். செவ்வாய்க்கிழமை ஊசி, சனிக்கிழமை பதினாறாம் நாள் காரியத்தில் மூடிய ஹாலில் உட்கார்ந்து சாப்பாடு என்றால், அந்தச் சனிக்கிழமை ஆயா ஊசி போடாதவரைப் போலத்தான். மாஸ்க் இருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ஃபைசர் போட்டவர்களில் முதல் டோஸோடு நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். டெல்டாவுக்கு எதிராக ஒரு டோஸின் பலம் மிகக் குறைவு. அப்போதைய விதிப்படி 42 நாள் கழித்து எஸ்எம்எஸ் வந்தாலும் வராவிட்டாலும் அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். காய்ச்சலாலோ ஊரில் இல்லாததாலோ அந்த நாள் தாண்டிப்போயிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 50ஆம் நாளோ 70ஆம் நாளோ, போகிற நாளில் இரண்டாம் டோஸைப் போட்டுவிடுவார்கள்.